கியர்பாக்ஸை இறக்கும் முன்: கிளட்ச் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் என் வண்டிக்கு ரிவர்ஸ் விழவில்லை. கர்ரென்று பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. எப்படியோ வெளியே எடுத்து, வழியில் இருந்த ஒரு கராஜில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டு மாத்தணும், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். தொகையைக் கேட்டதும் தயங்கி, இங்கே பெங்களூரு அல்சூரில் எனக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக் அண்ணனிடம் ஓட்டிப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல இந்த மேட்டை வெளிய எடுங்க" என்றார்.

அந்த வாரம்தான் தடித்த ஃப்ளோர் மேட் வாங்கிப் போட்டிருந்தேன். அதன் மடிப்பு கிளட்ச் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பெடல் கடைசி இரண்டு விரற்கடை இறங்கவே இல்லை. மேட்டை எடுத்ததும் முக்கால்வாசி சரியானது. கேபிள் நட்டைக் கொஞ்சம் டைட் செய்ததும் மீதியும் சரியானது. பத்து நிமிட வேலை. அந்தப் பிளேட் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியது.

பெடலில் இருந்து பிளேட் வரை நடுவில் நிறையப் பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி வெளியே இருப்பவை, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மீதி, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இருப்பவை. அவற்றைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், அதற்குக் கூலியே பெரிய தொகை. கோளாறு வெளியிலா உள்ளேயா என்று ஓரளவு தெரிந்துகொண்டு கராஜுக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளட்ச் வேலை செய்யும் விதத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சுற்றுவது ஃப்ளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு நிற்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது கிளட்ச் பிளேட். அது கியர்பாக்ஸ் ஷாஃப்டில் கோத்தது. கால் பெடலில் இல்லாதபோது டயஃப்ரம் ஸ்பிரிங் மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும். மிதித்தால், ரிலீஸ் பேரிங் முன்னே போய் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும், பிடி தளரும். ஆகவே பெரிய கோளாறு இரண்டே வகைதான். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது ஸ்லிப். விட வேண்டிய நேரத்தில் முழுசாக விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது டிராக். இரண்டும் நேர் எதிர். ஆனால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் "கிளட்ச் ஸ்லிப் ஆகுது" என்றே சொல்கிறோம். கராஜ்காரருக்கும் அதுவே காதில் விழுகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மேட்டை எடுத்துவிட்டுப் பெடல் தரை வரை போகிறதா என்று பாருங்கள். பெடலின் அழுத்தம் சில வண்டிகளில் கேபிள் வழியாகவும், ஹைட்ராலிக் வண்டிகளில் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் வழியாகவும் கிளட்சுக்குப் போகும். அடுத்து, கேபிள் வண்டியாக இருந்தால், பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். அதுதான் ஃப்ரீ ப்ளே. ஒரு ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளுங்கள். பல கேபிள் வண்டிகளில் ஒன்றரை, இரண்டு செ.மீ. இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் கேபிள் உள்ள வண்டிகளும் உண்டு, அவற்றில் இந்த அளவு பொருந்தாது.

கேபிள் வண்டியில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறைந்துகொண்டே வரும், கிளட்ச் பிடிக்கும் இடமும் மேலே மேலே போகும். அதுவே நமக்கு முன்னறிவிப்பு. ஹைட்ராலிக் வண்டியில் இந்தத் தேய்மானத்தை ஆயில் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். பெடல் பழையபடியே இருக்கும், ஒருநாள் நேராக ஸ்லிப்பில்தான் தெரியவரும். "பெடல் நல்லாத்தானே இருக்கு, பிளேட் எப்படிப் போகும்?" என்று ஹைட்ராலிக் வண்டிக்காரர் கேட்பது இதனால்தான்.

ஹைட்ராலிக் என்றால் பானெட்டைத் திறந்து ஆயில் மட்டம் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அதன் பக்கவாட்டில் இருந்து ஒரு மெல்லிய ஹோஸ் கிளட்சுக்குப் பிரிந்து போகும். மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்புவதோடு விடாதீர்கள். எங்கே போனது என்று தேடுங்கள். பெடலுக்கு மேலே கால் வைக்கும் இடத்தில் ஈரம் இருந்தால், பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கியர்பாக்ஸ் பக்கம் ஈரம் இருந்தால், அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது.

ரேஸ் கொடுத்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

இதுதான் உண்மையான ஸ்லிப். முதலில் மேல் கியரில்தான் தெரியும். பொங்கல் முடிந்து சேலத்தில் இருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயிலோ, கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏற்றத்திலோ, நாலாவது கியரில் அழுத்தினால் ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் அசையாது. ஊருக்குள் முதல், இரண்டாம் கியரில் ஓட்டும்போது அதே பிளேட் ஒன்றும் காட்டாமல் இருந்திருக்கும்.

சோதிக்க நான் நம்புவது ஓட்டிப் பார்ப்பதைத்தான். ஞாயிறு விடியற்காலை, வண்டி அதிகம் இல்லாத நேரம், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் மாதிரி நேரான சாலை. நாலாவது கியரில் 40, 50 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. ஆர்.பி.எம். மட்டும் முந்திக்கொண்டு ஓடினால் வழுக்குகிறது. இரண்டுமே மெதுவாக, ஆனால் சேர்ந்தே ஏறுகிறது என்றால் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டர், எரிபொருள், டர்போ, ஒட்டிக்கொண்ட பிரேக், இவற்றைப் பாருங்கள். "பிக்கப் இல்லை" என்று போய் நல்ல கிளட்சை மாற்றிவிட்டு வந்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள்.

நின்ற இடத்திலேயே பார்க்க வேறு வழியும் உண்டு. சமதளம், முன்னால் யாரும் இல்லாத இடம், ஹேண்ட்பிரேக் இறுக்கமாக. நாலாவது கியர் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்லிப். இதை ஒரே ஒரு முறை செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற லைனிங்கையும் (பிளேட்டின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) நீங்களே எரித்துவிடுவீர்கள்.

ஸ்லிப் என்று உறுதியானாலும் இன்னும் ஒரு வெளிக் காரணம் மிச்சம் இருக்கிறது. ஃப்ரீ ப்ளே பூஜ்யமாக இருந்தால், கேபிள் எப்போதும் பாதி மிதித்த மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் உள்ளேதான்: லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது ஆயில் பட்டிருக்கும், அல்லது ஸ்பிரிங் பலம் இழந்திருக்கும். இந்தக் கட்டத்தில் தள்ளிப்போட வேண்டாம். வழுக்கும் பிளேட் ஒவ்வொரு முறையும் சூட்டை உண்டாக்கி ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சுட்டுவிடும். கிளட்ச் செட்டோடு (பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்) முடிய வேண்டிய செலவு ஃப்ளைவீல் வரை போகும். மலைப்பாதையில் வண்டி நின்றுபோவது வேறு.

கருகும் வாடை

பேஸ்மென்ட் ராம்பில் முன்னால் போகும் வண்டி நின்றதால், நாமும் ஹாஃப் கிளட்ச்சில், பெடலைப் பாதி விட்டபடி அப்படியே தாங்கி நிற்கிறோம். ஒரு நிமிடத்தில் வாடை வரும். ஒருமுறை வந்த வாடைக்காகப் பிளேட் மாற்ற வேண்டாம். நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், பிறகு மேலே சொன்ன ஓட்டச் சோதனையைச் செய்யுங்கள். தேறினால் ஓட்டுங்கள்.

வாடை பிரேக்கில் இருந்தும் வரலாம். வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக் ஒட்டியிருக்கிறது.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்கு நெரிசல் மட்டும் காரணம் இல்லை. பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கொஞ்சம் மெலிது. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினுக்குச் சென்னையில் கிடைக்கும் இழுவை இங்கே கிடைக்காது. ஏசி போட்டு, நாலு பேரோடு ராம்ப் ஏறும்போது அதைச் சரிக்கட்டக் கூடுதலாக ரேஸ் கொடுத்து, கிளட்சை மெதுவாக விடுகிறோம். அந்த நேரத்தில் பிறக்கிற சூடு கிளட்சில்தான் இறங்குகிறது. ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள். சில்க் போர்டு சிக்னலிலும் அதேதான். பெடல் மேல் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் கரகரக்கிறது

எனக்கு நேர்ந்தது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வழவழவென்று விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் அது டிராக். எஞ்சின் அணைந்திருக்கும்போதே விழவில்லை என்றால் கியர் லிவர், அதன் கேபிள், லிங்கேஜ் பக்கம் பாருங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்து மற்றவை நன்றாக விழுந்தால், பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் அந்த கியரின் சின்க்ரோ (கியர் கோக்கும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்). அதற்குக் கிளட்சை மாற்றிப் பயனில்லை.

இன்னொரு சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுசாக மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, அதனால் பிளேட் நின்றுவிட்டதா என்பதை ரிவர்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து எண்ணிய பிறகும் கரகரத்தால் பிளேட் இன்னும் எஞ்சினோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

டிராக் என்று தெரிந்தால், மேட், அதிகமான ஃப்ரீ ப்ளே, நீண்டுபோன கேபிள் என்று வெளியில் இருந்து உள்ளே வாருங்கள். ஹைட்ராலிக் வண்டியில் பெடலை மூன்று நாலு முறை வேகமாக மிதித்து, உடனே கியர் போட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் நன்றாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. ஏர் எடுத்து, புது ஆயில் ஊற்றிப் பாருங்கள். டப்பாவின் மூடியில் போட்டிருக்கிற டாட் (DOT) நம்பர் உள்ள பிரேக் ஆயிலையே வாங்குங்கள். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சிக்னலில் முதல் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி நிற்கும்போது, கால் அசையாமலே வண்டி மெல்ல முன்னே ஊர ஆரம்பிக்கிறதா? இது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுவதற்கான அறிகுறி. அழுத்தம் நிற்காமல் கசிகிறது, பிளேட் திரும்பப் பிடிக்கிறது. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. முன்னால் ஒரு பைக் நிற்கும் ஊர் இது. இந்த அறிகுறியோடு ஒருநாள்கூட ஓட்டாதீர்கள்.

மழையில் நனைந்து பல வாரம் எடுக்காமல் நின்ற வண்டியில் இன்னொன்று நடக்கும். பிளேட் துரு ஏறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் எத்தனை பேஸ்மென்ட் முழுகியது என்று இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். பெடல், கேபிள், ஆயில் எல்லாம் சரியாக இருந்து, நின்ற வண்டி திடீரென்று எந்த கியரும் ஏற்காவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். அனுபவம் உள்ள மெக்கானிக் சில சமயம் கழற்றாமலே விடுவித்துவிடுவார்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறது

கிளட்சை விடும் அந்த இரண்டு நொடியில் வண்டி முழுவதும் உதறும், நகர்ந்த பிறகு நின்றுவிடும். குளிர்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் உதறி நின்றுவிட்டால் அது மேற்பரப்பில் படிந்த ஈரம், கவலை வேண்டாம்.

எப்போதும் உதறினால் முதலில் எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை மெல்லப் பிடிக்கும் இடம் வரை விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் துள்ளி எழுந்தால் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. மவுண்ட் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

மவுண்ட் சரியாக இருந்தால் வண்டிக்கு அடியில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழே ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். கறுப்பாக இருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீலில் இருந்து வரும் எஞ்சின் ஆயில். வெளிறிய நிறத்தில், கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எதுவாக இருந்தாலும் அது பிளேட்டில் பட்டிருக்கும், அந்தப் பிளேட்டைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே கதை மறுபடி வரும். ஆயிலும் இல்லை என்றால் ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டுகள், அல்லது பிளேட்டின் நடுவில் உள்ள சின்ன ஸ்பிரிங்குகள் உடைந்திருக்கலாம். இவை திறந்தால்தான் தெரியும்.

சத்தம்

நியூட்ரல், ஹேண்ட்பிரேக், எஞ்சின் ஐடில், ஜன்னல் கண்ணாடி இறக்கி, பாட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கால் எடுத்திருக்கும்போது அமைதி, மிதித்தால் கிரீச் அல்லது உறுமல் என்றால் ரிலீஸ் பேரிங். கால் எடுத்திருக்கும்போது உறுமி, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இரண்டும் உள்ளே இருப்பவைதான், ஆனால் இரண்டாவது கிளட்ச் செட் மாற்றினால் போகாது. செலவு செய்யும் முன் இந்த ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, அல்லது தொப்பென்று விழுந்துவிட்டது

கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்தால், கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், இழை பிரிந்திருக்கலாம், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் ஷாஃப்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். கேபிளை ஃபோர்க்கில் இருந்து கழற்றிவிட்டுப் பெடலை மிதித்தால் தெரிந்துவிடும். அப்போதும் கனம் என்றால் கேபிளேதான். கழற்றியதும் லேசானால் கோளாறு ஃபோர்க்கிலோ பிரஷர் பிளேட்டிலோ. பிளேட் நிறையத் தேய்ந்தாலும் ஸ்பிரிங் விரல்களின் கோணம் மாறி, பெடல் கனக்கும்.

ஒரேயடியாகத் தரைக்குப் போய் எழவில்லை என்றால் கேபிள் அறுந்துவிட்டது, அல்லது ஆயில் முழுவதும் போய்விட்டது. ஹஸார்டு விளக்கைப் போடுங்கள், தள்ளி ஓரம் கட்டுங்கள். தள்ள ஆள் இல்லை, வண்டி நடுச்சாலையில் என்றால், எஞ்சினை அணைத்து, முதல் கியர் போட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட்டர் பலத்தில் குலுங்கி நகரும். முன்னால் பத்தடி காலியாக இருந்தால் மட்டும், ஓரம் போகும் வரை மட்டும். அந்த நிலையில் அவுட்டர் ரிங் ரோட்டில் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சோதனைகள் எல்லாம் உள்ளேதான் கைகாட்டினால் தயங்காமல் இறக்கச் சொல்லுங்கள். திறந்த பிறகு கூட நின்று பாருங்கள். லைனிங் ரிவெட் தலைக்கு மேல் அரை மி.மீ.கூட இல்லையா, ஃப்ளைவீலில் நீலத் திட்டோ விரிசலோ இருக்கிறதா, ஸ்பிரிங் விரல்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மிச்சப்படுத்திவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி இறக்கினால் கூலி இரண்டு தடவை ஆகும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரும் பெல் ஹவுசிங்குக்குள் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பின் சீலையும் அந்த நேரத்திலேயே பாருங்கள்.

சாமானை ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கினால், வண்டியின் சேஸி எண்ணைக் காட்டி வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பிளேட் அளவு மாறியிருக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பிளேட்டின் லைனிங்கை கிரீஸ் கையால் தொட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம், நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

முதல் 500 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், முழு லோடோடு மலை ஏற வேண்டாம். கேபிள் வண்டியாக இருந்தால் ஒரு வாரம் கழித்து அதே ஸ்கேலை எடுத்து ஃப்ரீ ப்ளேயை மறுபடி அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள்.